பல்புக்கு அப்புறம் எடிசன் 10 வருஷம் போராடியது எதுக்காக? நாள் முழுக்க ஓடும் பேட்டரியைத் தேடியவரின் கதை

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாகாணம். ஃபோர்ட் மையர்ஸ் என்ற ஊரை ஒட்டி ஓடுகிறது கலூசஹாட்சி ஆறு. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இந்த ஆற்றில் ஒரு படகு போய்வந்து கொண்டிருந்தது. புகை கிடையாது, டப டப என்ற எஞ்சின் சத்தமும் கிடையாது.

படகின் பெயர் ரிலையன்ஸ். பேட்டரியில் ஓடும் மின்படகு. அதன் உரிமையாளர் தாமஸ் ஆல்வா எடிசன்.

குளிர்காலம் வந்தால் குடும்பத்தோடு இந்த ஊருக்கு வந்துவிடுவது எடிசனின் வழக்கம். ஆற்றில் டார்ப்பன் என்ற பெரிய மீனைத் தூண்டிலில் பிடிப்பது அங்கே அவருக்குப் பிடித்த பொழுதுபோக்கு.

மீன் பிடிக்க மின்படகு ரொம்ப வசதி. மெதுவாகப் போகும், மீனைக் கலைக்காது. ஆனால் இந்த மாதிரிப் படகில் ஏறும் எவருக்கும் ஒரு கேள்வி மனதில் ஓடிக்கொண்டே இருக்கும். சாயங்காலம் கரைக்குத் திரும்பும் வரை பேட்டரி தாங்குமா?

இன்றைக்கு சின்னப் படகுகளில் மாட்டும் டிரோலிங் மோட்டார் வாங்குபவர்களும் இதே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். (டிரோலிங் என்றால் நம்ம ஊர் இழுவலை அல்ல. படகை மெதுவாக நகர்த்திக்கொண்டே தூண்டில் போடுவது.)

பல்பும் ஃபோனோகிராஃபும் கொடுத்த எடிசன், தன் வாழ்க்கையில் 10 ஆண்டுகளை இந்தக் கேள்விக்காகவே செலவழித்தார். ஜெயித்தாரா? பாதி ஜெயித்தார். மீதிப் பாதியில் 4 உயிர்கள் போயின.

பேட்டரி ஆசிட்டால் போன வேலை

எடிசன் பிறந்தது 1847-ல், ஓஹியோ மாகாணத்தின் மிலன் என்ற சிற்றூரில். வளர்ந்தது மிச்சிகனின் போர்ட் ஹியூரனில். பள்ளிக்கூடம் போனது கொஞ்ச காலம்தான். ஆசிரியையாக இருந்த அம்மா நான்சிதான் வீட்டில் பாடம் சொல்லிக் கொடுத்தார்.

12 வயதில் ரயிலில் பேப்பரும் மிட்டாயும் விற்கும் வேலை. லக்கேஜ் பெட்டியின் ஒரு மூலையில் சின்னதாக ஒரு ரசாயனக் கூடமே வைத்திருந்தார். ஒருநாள் அங்கே தீப்பிடிக்க, கூடத்தோடு சேர்த்து அவரையும் இறக்கி விட்டார்கள்.

அதன் பிறகு தந்தி ஆபரேட்டர் வேலை. அந்தக் காலத் தந்தி அலுவலகம் என்றால் வரிசையாகக் கண்ணாடி ஜாடிகள், உள்ளே ஆசிட், உலோகத் தகடுகள். அதாவது பேட்டரிகள். மின்சார வாரியம், பிளக் பாயின்ட் எதுவும் இல்லாத காலம் அது. மின்சாரம் என்றாலே பேட்டரிதான்.

1867 வாக்கில் கென்டக்கி மாகாணத்தின் லூயிவில் நகரில் நைட் ஷிஃப்ட். வேலைக்கு நடுவே பேட்டரியை வைத்து ஏதோ சோதனை செய்தபோது கந்தக அமிலம் தரையில் கொட்டிவிட்டது. அமிலம் மரத்தளத்தின் வழியாக இறங்கி, கீழ்த்தளத்தில் இருந்த மேலாளரின் மேசை வரை போய்விட்டது. மறுநாள் எடிசனுக்கு வேலை இல்லை.

ஆசிட் பேட்டரியோடு எடிசனுக்கு இருந்த பகை அங்கேயே ஆரம்பித்துவிட்டது என்று கூடச் சொல்லலாம்.

பேட்டரியைத் திட்டியவரே பேட்டரிக்கு வந்தது எப்படி?

1876-ல் மென்லோ பார்க் ஆய்வுக்கூடம், 1877-ல் ஃபோனோகிராஃப், 1879-ல் மின்விளக்கு, 1882-ல் நியூயார்க்கின் பேர்ல் ஸ்ட்ரீட் மின்நிலையம். இந்தப் பகுதி எல்லோருக்கும் தெரிந்த கதை.

பலருக்குத் தெரியாதது, எடிசன் அந்தக் காலத்தில் சார்ஜ் பேட்டரிகளைக் கண்டாலே எரிச்சல் படுவார் என்பது.

ரீசார்ஜ் செய்யும் ஈய அமில பேட்டரியை 1859-ல் உருவாக்கியவர் பிரான்ஸைச் சேர்ந்த காஸ்டோன் பிளான்டே. 1881-ல் காமில் ஃபோர் அதை மேம்படுத்த, அதை வைத்துப் பங்கு விற்கும் கம்பெனிகள் முளைத்தன. 1883-ல் எடிசன் இதை வெளிப்படையாகவே சாடினார். சேமிப்பு பேட்டரி என்பது பங்கு விற்பவர்கள் மக்களை ஏமாற்றப் பயன்படுத்தும் கருவி என்பதே அவர் கருத்து.

ஆனால் 1890-களின் கடைசியில் நிலைமை மாறியது.

ஒன்று, இரும்புத் தாது பிரிக்கும் தொழிலில் எடிசன் தன் சொத்தின் பெரும்பகுதியை இழந்திருந்தார். அடுத்த பெரிய வேலை ஒன்று அவருக்குத் தேவைப்பட்டது.

இன்னொன்று, சாலைகளில் மோட்டார் வாகனங்கள் வர ஆரம்பித்திருந்தன. 1900-ல் அமெரிக்காவில் தயாரான கார்களில் சுமார் மூன்றில் ஒரு பங்கு பேட்டரியில் ஓடியவை. பெட்ரோல் கார்கள் அப்போது அவற்றைவிடக் குறைவு.

இந்த வண்டிகள் எல்லாம் சுமந்தது ஈய அமில பேட்டரியை. கனமோ கனம். ரொம்ப இறக்கிவிட்டு அப்படியே போட்டுவிட்டால் தகடுகள் கெட்டுவிடும். குலுங்கினால் தகட்டில் இருக்கும் பொருள் உதிரும். அமிலம் பக்கத்தில் உள்ள இரும்பையெல்லாம் அரிக்கும்.

1899-ல், 52-வது வயதில் எடிசன் வேலையைத் தொடங்கினார். இலக்கு இதுதான்: ஈயமும் வேண்டாம், அமிலமும் வேண்டாம். எடை குறைவாக இருக்கணும், வருஷக்கணக்கில் உழைக்கணும், நாள் முழுக்க ஓடணும்.

நிக்கலும் இரும்பும்

அமிலம் வேண்டாம் என்றால் அடுத்த வழி காரம். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை எடிசன் எடுத்துக்கொண்டார். அதில் எந்த இரண்டு உலோகங்களை வைத்தால் மின்சாரத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்க முடியும்?

ரசாயன நிபுணர் ஜோனஸ் அய்ல்ஸ்வொர்த் உள்ளிட்ட உதவியாளர்களோடு சோதனை மேல் சோதனை. அவற்றின் எண்ணிக்கை 9,000-ஐத் தாண்டியதாக, எடிசன் உயிரோடு இருந்தபோதே வெளியான அவரது வாழ்க்கை வரலாற்றில் பதிவாகியிருக்கிறது.

கடைசியில் கிடைத்த ஜோடி, பாசிட்டிவ் பக்கம் நிக்கல் ஹைட்ராக்சைடு, நெகட்டிவ் பக்கம் இரும்பு.

இதே நேரத்தில் ஸ்வீடனில் வால்டெமார் யுங்னர் என்பவரும் கார பேட்டரியில் இறங்கியிருந்தார். நிக்கல்-காட்மியம் பேட்டரியை உருவாக்கியவர் அவர்தான். இரும்பையும் அவர் முயன்று பார்த்திருந்தார். இருவருக்கும் காப்புரிமைத் தகராறு வந்து வழக்கு வரை போனது. இந்தக் கண்டுபிடிப்பு எடிசன் ஒருவருக்கே சொந்தம் என்று சொல்லிவிட முடியாது.

1901-ல் எடிசன் ஸ்டோரேஜ் பேட்டரி கம்பெனி தொடங்கப்பட்டது.

சோதனைகள் லேப்போடு நிற்கவில்லை. பேட்டரியை வண்டிகளில் ஏற்றிக் கரடுமுரடான சாலைகளில் நூற்றுக்கணக்கான மைல்கள் ஓட்டினார்கள். இயந்திரத்தில் வைத்து இடைவிடாமல் குலுக்கினார்கள். கட்டடத்தின் மேல்மாடி ஜன்னலில் இருந்து கீழே தூக்கிப் போட்டும் பார்த்தார்கள்.

விற்ற பேட்டரியைத் திரும்ப வாங்கிய எடிசன்

1903-ல் இ டைப் என்ற பெயரில் பேட்டரி சந்தைக்கு வந்தது. பத்திரிகைகள் கொண்டாடின. டெலிவரி வண்டிக் கம்பெனிகள் ஆர்டர் கொடுத்தன.

ஆனால் கொஞ்ச காலத்திலேயே புகார்கள். சில செல்களில் ஜாயின்ட் வழியாகக் கரைசல் கசிந்தது. அதைவிடப் பெரிய பிரச்சினை, பயன்படுத்தப் பயன்படுத்த பேட்டரியின் கொள்ளளவு குறைந்துகொண்டே வந்தது.

ஏன்? நிக்கல் ஹைட்ராக்சைடு மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அதனால் கடத்துவதற்காக கிராஃபைட் துகள்களைக் கலந்திருந்தார்கள். சார்ஜ் ஏறும்போதும் இறங்கும்போதும் உள்ளே இருக்கும் பொருள் ஊதிச் சுருங்கும். நாளடைவில் கிராஃபைட்டுக்கும் நிக்கலுக்கும் இடையிலான தொடர்பு விட்டுப்போகும். உள்ளே பொருள் இருக்கும், ஆனால் மின்சாரம் வெளியே வராது.

எடிசன் என்ன செய்தார்? 1904 கடைசியில் உற்பத்தியை நிறுத்தினார். ஆர்டர் வந்துகொண்டிருந்தபோதே நிறுத்தினார். விற்ற பேட்டரிகளில் கோளாறு வந்தவற்றைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுத்தார். ஏற்கெனவே தாது தொழிலில் கையைச் சுட்டுக்கொண்டவருக்கு இது லேசான முடிவு இல்லை.

அப்போது அவருக்கு வயது 57. திரும்பவும் ஆரம்பத்தில் இருந்து.

அடுத்த 5 ஆண்டுகள் பெரும்பாலும் இதற்கே போயின. தீர்வு கிடைத்தது மெல்லிய நிக்கல் தகட்டில்.

ஒரு உருளையின் மேல் தாமிரம் ஒரு படலம், நிக்கல் ஒரு படலம் என்று மாறி மாறிப் பூசினார்கள். அதைப் பெயர்த்து எடுத்து, சின்னச் சின்னதாக வெட்டி, தாமிரத்தை மட்டும் கரைத்துவிட்டால் மிஞ்சுவது மிக மிக மெல்லிய நிக்கல் இதழ்கள். கிராஃபைட்டுக்குப் பதில் இந்த இதழ்கள்.

துளையிட்ட ஸ்டீல் குழாய்களுக்குள் நிக்கல் ஹைட்ராக்சைடு ஒரு அடுக்கு, நிக்கல் இதழ் ஒரு அடுக்கு என்று நூற்றுக்கணக்கான அடுக்குகளை அழுத்தி நிரப்பினார்கள். உள்ளே பொருள் ஊதினாலும் குழாய் அதைப் பிடித்துக்கொள்ளும். தொடர்பு விடாது.

இன்னொரு சேர்மானமும் உண்டு. கரைசலில் கொஞ்சம் லித்தியம் ஹைட்ராக்சைடு. இதைச் சேர்த்தால் கொள்ளளவு கூடுவதையும் எடிசன் கண்டுபிடித்தார். இன்று நம் செல்போனில் இருக்கும் லித்தியம் அயன் பேட்டரிக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. ஆனாலும் 100 ஆண்டுகளுக்கு முன்பே பேட்டரிக்குள் லித்தியம் நுழைந்துவிட்டது என்பது சுவாரசியமான விஷயம்தான்.

1909-ல் ஏ டைப் பேட்டரி வெளிவந்தது. எடிசனுக்கு வயது 62.

ஜெயித்த பேட்டரி, தோற்ற கார்

பேட்டரி சொன்னபடி உழைத்தது. முழுக்க இறக்கிவிட்டு மாதக்கணக்கில் போட்டு வைத்தாலும் கெடாது. ஓவர் சார்ஜ் ஆனாலும் தாங்கும். பல ஆண்டுகள், சிலது பல பத்தாண்டுகள் வேலை செய்தன.

ஆனால் எந்தக் காருக்காக இதை ஆரம்பித்தாரோ, அந்த மின்சாரக் கார் அதற்குள் பின்தங்கிவிட்டது.

இதில் ஒரு வேடிக்கை இருக்கிறது. 1896-ல் நடந்த ஒரு விருந்தில், எடிசனின் பெயரில் இயங்கிய டெட்ராய்ட் மின் நிறுவனத்தின் இளம் பொறியாளர் ஒருவர் தன் பெட்ரோல் வண்டியைப் பற்றி அவரிடம் விளக்கினார். தொடர்ந்து செய்யும்படி உற்சாகப்படுத்தி அனுப்பினார் எடிசன். அந்த இளைஞர் ஹென்றி ஃபோர்டு.

1908-ல் ஃபோர்டின் மாடல் டி கார் வந்தது. விலை ஆண்டுக்கு ஆண்டு குறைந்தது. 1912-ல் கேடிலாக் காரில் செல்ஃப் ஸ்டார்ட் வந்தது. கைப்பிடியைச் சுற்றி எஞ்சினைக் கிளப்பும் கஷ்டம் போனது. அந்த செல்ஃப் ஸ்டார்ட்டுக்குப் பயன்பட்டது எடிசன் வெறுத்த அதே ஈய அமில பேட்டரி.

காரணம் என்ன? ஸ்டார்ட் செய்ய சில விநாடிகளுக்கு மிகப் பெரிய அளவில் மின்சாரம் வேண்டும். ஈய அமிலம் அதைக் கொடுக்கும். நிக்கல்-இரும்பு மெதுவாக, நீண்ட நேரம் கொடுக்கும் ரகம். குளிரில் இன்னும் மந்தமாகிவிடும். விலையும் அதிகம்.

1914-ல் ஃபோர்டும் எடிசனும் சேர்ந்து மலிவு விலை மின்சாரக் கார் கொண்டுவரப் போவதாகச் செய்தி வந்தது. அது நடக்கவே இல்லை. நட்பு மட்டும் நீடித்தது. 1916-ல் ஃபோர்ட் மையர்ஸில் எடிசன் வீட்டுக்குப் பக்கத்து வீட்டையே ஃபோர்டு வாங்கினார்.

அப்படியென்றால் பேட்டரி வீணா? இல்லை. ரயில் சிக்னல், ரயில் பெட்டி விளக்கு, தொழிற்சாலைகளுக்குள் ஓடும் சரக்கு வண்டி, சுரங்கத் தொழிலாளிகளின் தலைவிளக்கு என்று அது வேறு இடங்களில் போய் உட்கார்ந்தது. திறந்த தீயோடு சுரங்கத்துக்குள் இறங்க வேண்டியிருந்த தொழிலாளிகளுக்கு, பேட்டரி விளக்கு என்பது உயிர்ப் பாதுகாப்பு. எடிசனுக்கு லாபம் கொடுத்த தொழில்களில் ஒன்றாகவும் அது மாறியது.

நீர்மூழ்கிக்குள் நடந்த விபரீதம்

இந்தக் கதையின் கறுப்புப் பக்கம் இனிதான்.

அந்தக் கால நீர்மூழ்கிக் கப்பல்கள் தண்ணீருக்கு அடியில் போகும்போது முழுக்க முழுக்க பேட்டரியில்தான் ஓடும். ஈய அமில பேட்டரிதான். கடல் நீர் உள்ளே புகுந்து அமிலத்தோடு கலந்தால் குளோரின் என்ற விஷவாயு வரும். மூடிய கப்பலுக்குள் அது மரணம்.

1915 மார்ச்சில் ஹவாயின் ஹோனலூலு அருகே அமெரிக்க நீர்மூழ்கி எஃப்-4 மூழ்கி 21 பேர் இறந்தார்கள். பேட்டரி தொட்டியின் ஈய உறை அமிலத்தால் அரிக்கப்பட்டு, அதன் வழியாகக் கடல் நீர் புகுந்திருக்கலாம் என்று விசாரணையில் கூறப்பட்டது.

எடிசன் தரப்பு இந்த இடத்தைத்தான் பிடித்துக்கொண்டது. எங்கள் பேட்டரியில் அமிலமே கிடையாது, குளோரின் வரவே வராது என்று கடற்படையிடம் எடுத்துச் சொன்னார்கள். சொன்னது உண்மையும் கூட. அதே ஆண்டில் கடற்படைக்கு ஆலோசனை சொல்லும் குழுவின் தலைவராகவும் எடிசன் அமர்ந்தார்.

இ-2 என்ற நீர்மூழ்கியில் எடிசன் பேட்டரிகள் பொருத்தப்பட்டன.

1916 ஜனவரி 15. நியூயார்க்கின் புரூக்ளின் கடற்படைத் தளத்தில் இ-2 நின்றுகொண்டிருந்தது. பேட்டரிகளைச் சோதிக்க சார்ஜை இறக்கிக்கொண்டிருந்தார்கள். திடீரென்று உள்ளே பெரும் வெடிப்பு. 4 பேர் பலி, 7 பேர் காயம்.

வெடித்தது ஹைட்ரஜன்.

குளோரின் வராது என்பது சரி. ஆனால் இந்த பேட்டரியும் ஹைட்ரஜனை வெளியிடும். சார்ஜ் ஏறும்போது மட்டும் இல்லை. பல செல்களை வரிசையாக இணைத்து முழுக்க இறக்கும்போது, பலவீனமான செல் முதலில் காலியாகிவிடும். மற்ற செல்கள் அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். காலியான செல் தலைகீழாக மாறி வாயுவைக் கக்க ஆரம்பிக்கும். மூடிய அறையில் அது சேர்ந்தால் ஒரு பொறி போதும்.

விசாரணையில் இரு தரப்பும் மோதின. கப்பலில் காற்றோட்டம் போதவில்லை என்றது எடிசன் தரப்பு. இப்படி ஆகும் என்று போதிய எச்சரிக்கை தரப்படவில்லை என்றது கடற்படை அதிகாரிகள் தரப்பு.

அமெரிக்க நீர்மூழ்கிகள் ஈய அமில பேட்டரியிலேயே தொடர்ந்தன. எடிசன் கனவு கண்ட பெரிய கடற்படைச் சந்தை அவருக்குக் கிடைக்கவில்லை.

ஒரு ஆபத்தை முழுசாக நீக்கிய பேட்டரி, இன்னொரு ஆபத்தைக் கூடவே கொண்டுவந்தது. அதைப் பற்றி யாரும் உரக்கப் பேசவில்லை. அதன் விலைதான் அந்த 4 உயிர்கள்.

கடைசிக் காலம்

எடிசன் 1931 அக்டோபர் 18 அன்று, 84-வது வயதில் நியூஜெர்சியில் உள்ள வெஸ்ட் ஆரஞ்ச் வீட்டில் காலமானார். அவர் பெயரில் இருந்த 1,093 அமெரிக்கக் காப்புரிமைகளில் 141 சேமிப்பு பேட்டரி தொடர்பானவை. தந்திக்கு வாங்கியதைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

அவரது நிக்கல்-இரும்பு பேட்டரி அவருக்குப் பிறகும் பல பத்தாண்டுகள் விற்பனையில் இருந்தது. 1972-ல் அந்தத் தொழிலை ஈய பேட்டரி தயாரிக்கும் எக்சைட் நிறுவனம் வாங்கியது. 1975-ல் உற்பத்தியை நிறுத்தியது.

சரி, இன்னைக்குப் படகுக்கு எந்த பேட்டரி?

எடிசன் கதையில் இருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான். நல்ல பேட்டரி, கெட்ட பேட்டரி என்று எதுவும் இல்லை. வேலைக்கு ஏற்ற பேட்டரி, ஏற்காத பேட்டரி என்றுதான் உண்டு. டிரோலிங் மோட்டாருக்கு இதை அப்படியே பொருத்திப் பார்க்கலாம்.

1. கார் பேட்டரி வேண்டாம். அது சில விநாடிகள் ஸ்டார்ட் செய்யவே செய்யப்பட்டது. தகடுகள் மெல்லியவை. மணிக்கணக்கில் இறக்கினால் சீக்கிரம் கெட்டுவிடும். டீப் சைக்கிள் என்ற ரகம்தான் இதற்குச் சரி.

2. கணக்குப் போட்டு வாங்குங்கள். 12 வோல்ட் மோட்டார் ஒன்று மெதுவான வேகத்தில் சராசரியாக 12 ஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 8 மணி நேரத்துக்கு 96 ஆம்பியர் ஹவர் தேவை. ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் இருந்தால்தான் ஆயுள் நீடிக்கும். அப்படியானால் சுமார் 200 ஆம்பியர் ஹவர் வேண்டும். லித்தியம் அயன் பாஸ்பேட் ரகத்தில் 80 சதவீதம் வரை தாராளமாக எடுக்கலாம். 120 ஆம்பியர் ஹவர் போதும்.

3. எடையைப் பாருங்கள். 100 ஆம்பியர் ஹவர் ஈய அமில பேட்டரி கிட்டத்தட்ட 30 கிலோ வரும். அதே அளவு லித்தியம் பாஸ்பேட் அதில் பாதிக்கும் குறைவு. சின்னப் படகில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஆனால் முதலில் கொடுக்கும் விலை லித்தியத்துக்கு அதிகம்.

4. வேகத்தைக் குறைத்தாலே பாதி பிரச்சினை தீரும். தண்ணீரில் வேகத்தை இரு மடங்காக்க கிட்டத்தட்ட எட்டு மடங்கு சக்தி வேண்டும். முழு வேகத்தில் ஒன்றிரண்டு மணி நேரத்தில் காலியாகும் பேட்டரி, மெதுவாகப் போனால் நாள் முழுக்க வரும்.

5. பழைய பேட்டரியையும் புதிய பேட்டரியையும் வரிசையாக இணைக்காதீர்கள். 24 வோல்ட் மோட்டாருக்கு இரண்டு 12 வோல்ட் பேட்டரிகளை இணைக்கும்போது பலர் செய்யும் தவறு இது. பலவீனமானது முதலில் காலியாகும், மற்றது அதைத் தலைகீழாகத் தள்ளும். இ-2 நீர்மூழ்கியில் நடந்ததன் சின்ன வடிவம்தான் இது.

6. ஈய அமில பேட்டரியை மூடிய பெட்டிக்குள் வைத்து சார்ஜ் போடாதீர்கள். ஹைட்ரஜன் வெளியேற வழி இருக்க வேண்டும். பக்கத்தில் பீடி, சிகரெட் கூடவே கூடாது.

ஃபோர்ட் மையர்ஸில் எடிசனும் ஃபோர்டும் அடுத்தடுத்து வாழ்ந்த வீடுகள் இன்று அருங்காட்சியகம். ஒருவர் பேட்டரியை நம்பினார், இன்னொருவர் பெட்ரோலை நம்பி உலகத்தையே மாற்றினார். இப்போது மின்சார வண்டிகள் மறுபடி சாலைக்கு வந்துவிட்டன. வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் கேட்பதும் எடிசன் 1899-ல் கேட்ட அதே கேள்விதான்: ஒரு சார்ஜுக்கு எவ்வளவு தூரம் ஓடும்?